சப்பரத்தின் மூலைவிட்டம்

ஒரு கணக்கு சரி என்று எவ்வளவு உறுதியாகத் தெரிந்தால், அதை நம்பி மனிதர்களை அதன் கீழே நிறுத்தலாம்? கணித ஆசிரியைகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இந்தக் கேள்வியோடுதான் வருகிறேன். எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்லும் அளவுக்கு நான் மூத்தவளும் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் இருக்கிறேன். என் வகுப்பை எடுக்கப்போவது உங்களில் ஒருவர்தான் என்பதால் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். "புத்திமதி வேண்டாம், நடந்ததை எழுதுங்க" என்றார். அதனால்தான் துணிந்து உட்கார்ந்தேன். கடந்த மாதா திருவிழாவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கரும்பலகையில் கனசெவ்வகம் வரைந்தால் கொட்டாவி விடுவார்கள். "துறைமுகத்துக்குள்ள கன்டெய்னரை எத்தனை அடுக்கு வைக்கலாம், ஏன் அதுக்கு மேல வைக்கக் கூடாது?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். ஒருத்தியின் அப்பா கிரேன் ஓட்டுகிறார், இன்னொருத்தியின் மாமா லோடு ஏற்றுகிறார், ஆளுக்கொரு கதை இருக்கும். ரயில்வே நடைமேம்பாலத்தின் இரும்புச் சட்டங்களில் முக்கோணங்களை எண்ணச் சொல்லி அனுப்பினால், மறுநாள் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். வடிவியலுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது என்பேன்.

நான் குடியிருப்பது கல்மண்டபம் பக்கம், ஒரு நெருக்கமான தெருவில். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போதெல்லாம் பொறுமை இழந்த டிரெய்லர்கள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொள்ளும். வாசற்படிக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு கை அகலம்தான் இருக்கும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கதவுத் தாழ்ப்பாளை எட்டித் திறக்கப் பழகியிருந்தாள். நான் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் கண்முன்னே நிற்கும்.

தெருக்காரர்கள் அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, தெருவின் இரண்டு முனையிலும் உயரத் தடுப்பு நட்டார்கள். இரண்டு இரும்புத் தூண்கள், குறுக்கே ஒரு உத்திரம். ஆட்டோ போகலாம், வேன் போகலாம், கன்டெய்னர் லாரி நுழைய முடியாது. அன்று முதல் தெருவில் பிள்ளைகள் மறுபடியும் விளையாட ஆரம்பித்தார்கள்.

அடுத்து வந்தது திருவிழா. மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, வைத்த சப்பரத்தை ஆண்கள் தோளில் சுமந்து வருவார்கள். எங்கள் தெரு நடுவில் இருக்கும் கெபி என்கிற சிறு குகைக்கோவில் வரைக்கும் வந்து, ஜெபம் முடிந்து, வந்த வழியே திரும்பும். தடுப்பு நட்டபோது யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

சப்பரம் சுமப்பவர்களுக்குத் தலைவர் அந்தோணி அண்ணன். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. தெருக்கூட்டத்தில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உத்திரத்த கேஸ் கட்டர் வெச்சி அறுத்துடலாம். திருநா முடிஞ்சதும் ஒட்டிக்கலாம். இதுக்கு இன்னாத்துக்கு மீட்டிங்?"

என் மாணவி ஜான்சியின் அம்மா ஸ்டெல்லா அக்கா மீன் விற்பவர். காசிமேட்டிலிருந்து கூடையோடு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "ஒட்டுவ, ஒட்டுவ. எலக்சன் ஊர்வலத்துக்கு ஸ்பீடு பிரேக்கர பேத்தாங்களே, அத்த ஒட்டிட்டியா? எத்தினி வர்சமாச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுத்தால் அறுத்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதா வராமல் போவதை அந்தத் தெரு நினைத்தே பார்க்காது. நான் அந்தக் கோவில் பங்கைச் சேர்ந்தவளும் இல்லை, வாடகைக்கு இருப்பவள். வாய் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவோடு வந்திருந்த ஜான்சி என்னைப் பார்த்தாள். "மிஸ், சப்பரம் உத்திரத்துக்குக் கீழ பூருமா பூராதான்னு நாம அளக்கலாமே" என்றாள்.

அந்த ஒரு வாரம் நான் எடுத்த வகுப்புகள்போல் முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. உத்திரத்தின் மேல் யாரும் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், பக்கத்திலேயே லாரிகள் பாயும் சாலை. நிழலை வைத்து அளந்தார்கள். ஒரு குச்சியும் அதன் நிழலும், ஒரு தூணும் அதன் நிழலும். பாடப்புத்தகத்தில் வடிவொத்த முக்கோணங்கள் என்று தூங்கிக்கொண்டிருந்த அத்தியாயம் தெருவில் படுத்துக் கிடந்தது. ஒரு தள்ளுவண்டி நிழலின் நுனியில் நின்றபோது, "அண்ணா, எங்க முக்கோணத்து மேல நிக்கிறீங்க, தள்ளுங்க!" என்று ஜான்சியின் வகுப்புத்தோழி ரேவதி கத்தினாள். பழக்காரர் பயந்துபோய் நகர்த்தினார்.

தரையிலிருந்து உத்திரம் பதினோரு அடி. கோவில் கொட்டகையில் இருந்த சப்பரத்தை நாடாவால் அளந்தோம். நான்கு தூண், மேலே தட்டையான கூரைச் சட்டம், எட்டு அடிக்குச் சற்றுக் கூட. இரண்டு அடிக்கு மேல் இடம் மிச்சம்! பெண்கள் கொட்டகையிலேயே குதித்தார்கள். சேதி தெருவுக்குப் பரவியது. டீச்சர் கணக்குப் போட்டுவிட்டார், அறுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. மளிகைக் கடைக்காரர் என்னிடம் முதல்முறையாக "வாங்க டீச்சர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய நாள் மாலை. என் கணவர் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு யானை விளையாட்டு விளையாடினார். அறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது "குனி, குனி, நிலை இடிக்கும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

நான் கையில் இருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தேன். சப்பரத்தைத் தரையில் வைத்து அளந்திருக்கிறோம். அது தரையில் நடந்து வராது. தோளில் வரும்.

தோள் உயரம் நாலரை அடி. கூட்டினால் பன்னிரண்டரைக்கு மேல். உத்திரத்துக்கு மேலே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும்.

நாற்பது பெண்கள், நான், தலைமையாசிரியை, ஒருவருக்கும் தோன்றவில்லை. சுமக்கிற ஆண்களும் 'டீச்சர் பார்த்துக்கொண்டார்' என்று விட்டுவிட்டார்கள். உங்கள் வகுப்பை வெளியே கூட்டிப்போகும் நாளில் இதை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு பொருள் சும்மா இருக்கும்போது அதை அளப்பது சுலபம், அது வேலை செய்யும்போது என்ன உயரத்தில் இருக்கும் என்று கேட்பதுதான் வடிவியல். காகிதத்தில் இதைச் சொல்வது எனக்கு இப்போது எளிது. அன்று கணவரிடம், "சொல்லாமலே இருந்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டேன். "நீ போய்ச் சொல்லு, பாப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கோவில் வளாகத்தில் சப்பரத்துக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தோணி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா டீச்சர், ஒரு வாரமா தெருவுல நெழல அளந்துகினு, கடசீல தோள மறந்துட்டேன்றீங்களே! சரி வுடுங்க. கட்டர் காரனுக்குப் போன் போடுறேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம். தோளிலிருந்து இறக்கி, கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் பத்தரை அடிதான் வரும். உத்திரத்தைத் தாண்டுகிற வரைக்கும் மட்டும். நாலு எட்டு வைத்தால் போதும்."

அவர் முகம் மாறியது. "மாதாவ சாக்கு மூட்ட மாரி கைல தொங்கவுட்டுகினு போறதா? எங்க அப்பன் காலத்துல இருந்து தோள்ள தூக்குற மாதா. தெரிஞ்சிதான் பேசுறீங்களா?"

தெரியாமல்தான் பேசிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. திரும்பிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் எடுத்தும் விட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா நிமிராமலே பேசினார்.

"டேய் அந்தோணி, மாதா கொஞ்சம் எறங்கி வந்தா கொறஞ்சிடுவாளா? அவளே புள்ளய கைல வெச்சினு கீறா. இந்தத் தெரு புள்ளங்க லாரில அடிபடக் கூடாதுன்னு அவளுக்கு மட்டும் தோணாதா? போய் ஃபாதரக் கேளு."

அந்தோணி அண்ணனையும் என்னையும் பார்த்து ஃபாதர் சொன்னது சுருக்கமாக இருந்தது. "தலைவணங்கிப் போறதுல என்ன தப்பு அந்தோணி? இறக்கிப் பிடிங்க."

அரை அடி இடைவெளிதான் இருந்தது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம். பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, தெருவெல்லாம் சீரியல் விளக்கு. என் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் தடுப்புத் தூணைச் சுற்றி நின்றார்கள். இந்துப் பிள்ளைகளும் உண்டு, முஸ்லிம் பிள்ளை ஒருத்தியும் உண்டு. எல்லோருக்கும் அது சொந்தச் சப்பரம்போல் ஆகியிருந்தது. என் மகள் கணவரின் கையில் இருந்தாள்.

சப்பரம் வந்தது. தடுப்புக்கு முன்னால் நின்றது. "மெதுவா… எறக்கு!" என்றார் அந்தோணி அண்ணன். தோளிலிருந்த தண்டுகள் ஒரே சீராகக் கைக்கு இறங்கின. கூட்டம் "மரியே வாழ்க" என்று முழங்கியது. அப்போதுதான் பார்த்தேன். அலங்காரக்காரர்கள் கூரையின் முன்விளிம்பில் புதிதாக ஒரு விளக்குப் பலகையைக் கட்டியிருந்தார்கள். வண்ண பல்புகள் ஓடி ஓடி எரிந்தன. நாங்கள் அளந்தபோது அது இல்லை. அந்த அரை அடியை அது தின்றுவிட்டிருந்தது.

இரண்டு எட்டு வைத்ததும் 'டக்' என்று சத்தம். பலகை உத்திரத்தில் முட்டி நின்றது. பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை, தள்ளினார்கள். சப்பரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. மாதாவின் சுரூபம் அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். முழக்கம் நின்றது, பதறிய குரல்கள் எழுந்தன.

"முன்னாடி தூக்குங்கடா!" என்று அந்தோணி அண்ணன் கத்தினார். "முன்னாடி தூக்கு, பின்னால சாயட்டும், சாஞ்சா பூந்துடும்!"

எல்லோருக்கும் அதுதான் சரி என்று படும். உயரமான எதையும் சாய்த்தால் தாழும் என்று நம் உடம்பு நம்புகிறது. ஆனால் கைகள் ஏற்கெனவே முழு நீளத்துக்குத் தொங்குகின்றன, பின்பக்கத்தை அப்படியே இறக்க இடமில்லை. முன்பக்கத்தை உயர்த்தினால் சப்பரம் பின்தண்டின்மேல் சுழலும். பின்கீழ் மூலையிலிருந்து முன்மேல் மூலைக்குப் போகும் கோடு, அதாவது மூலைவிட்டம், சப்பரத்தின் உயரத்தைவிட நீளம். முன்மேல் மூலை தாழாது, முதலில் எழும். விளக்குப் பலகை உத்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கீழிருந்து முப்பது பேர் மேலே நெம்புவார்கள். ஏதாவது ஒன்று முறியும். தண்டோ, தூணோ, கீழே நிற்பவரின் கழுத்தோ.

"தூக்காதீங்க!" என்று கத்தினேன். வகுப்பறையில் நாற்பது பேரை அடக்கும் குரல் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் கொசுவின் குரலாக இருந்தது. ஒரு கணம் எனக்குள்ளேயே சந்தேகம் வந்தது. நேற்று மாலைவரை தோளை மறந்திருந்தவள் நான். இன்று இதுவும் தப்பாக இருந்தால்? வாயை மூடிக்கொண்டேன். ஒரு மூச்சு அளவுதான். ஆனால் மூடினேன்.

என் பெண்கள் மூடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு பிதாகரஸ் தேற்றம் நடத்தியபோது, படுத்திருக்கும் தீப்பெட்டியை ஒரு அளவுகோலுக்கு அடியில் நிமிர்த்திக் காட்டியிருந்தேன். நிமிர்ந்த பிறகு பெட்டி அடங்கிவிடும், நிமிரும் வழியில் அதன் மூலை இடிக்கும். வீட்டில் பீரோவை நிமிர்த்தும்போது கூரை பெயர்வது இதனால்தான் என்று சொல்லியிருந்தேன்.

"மூலைவிட்டம்! மூலைவிட்டம்!" என்று ரேவதி அலறினாள். அடுத்த நொடி பதினைந்து இருபது பெண்கள் ஒரே குரலில், "மூ-லை-விட்-டம்! மூ-லை-விட்-டம்!"

திருவிழாவில் அப்படி ஒரு முழக்கத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னாமா கத்துதுங்க இதுங்க? பேஜாரு புடிச்சதுங்க!" என்றார் அந்தோணி அண்ணன். முன்வரிசையில் சிலர் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள், உத்திரம் கிறீச்சிட்டது.

ஜான்சி தன் அம்மாவின் காதில் ஏதோ கத்தினாள். ஸ்டெல்லா அக்கா ஏலத்தில் கூவும் குரலை எடுத்தார். அந்தக் குரலுக்குக் கடலே ஒதுங்கும்.

"டேய் அந்தோணி! பீரோடா! பீரோ! ஒன் வூட்டுல பீரோவ நிமித்தும்போது சீலிங்கு பேந்து ஒன் தலைல வுந்துச்சே, அதாண்டா இது! தூக்குனின்னா மாதா மேல பேந்து வுழும்! எறக்குடா!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. உத்திரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அந்தப் பீரோவை நினைத்துக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏய், முன்னாடி வுடு! தூக்காத! எல்லாம் அப்படியே நில்லு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர்! அப்ப இன்னா பண்றது, சொல்லுங்க!"

இப்போது என்னால் வாயை மூட முடியாது. "எல்லாரும் ஒண்ணா முட்டியை மடக்குங்க அண்ணே! முன்னும் பின்னும் ஒரே அளவு. சாயாம இறங்கணும்!"

"கேட்டிச்சாடா? நா சொன்னதும் எல்லாம் ஒண்ணா ஒக்காரு. ஒண்ணு… ரெண்டு…"

முப்பது ஆண்கள் பாதி உட்கார்ந்தவாறு மடங்கினார்கள். பலகை உத்திரத்துக்குக் கீழே வந்தது. ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல் இடைவெளி. அப்படியே வாத்துபோல நகர்ந்தார்கள். ஒருவர் "ஐயோ என் முட்டி" என்றார், பக்கத்திலிருந்தவர் "மாதாவாண்ட சொல்லு, என்னாண்ட சொல்லாத" என்றார். சிரித்துக்கொண்டே, முனகிக்கொண்டே, மாதாவை உத்திரத்துக்கு அப்பால் கொண்டுபோய் நிமிர்ந்தார்கள். தெரு வெடித்தது. என் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று மகள் என் கன்னத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது பலகையைக் கழற்றிவிட்டார்கள். யாருக்கும் முட்டி வலிக்கவில்லை.

அந்தோணி அண்ணன் போகிற போக்கில் ரேவதியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "இன்னாமே அது, மூலவிட்டமா? பாதி உசிரு போயிடுச்சி எனக்கு."

அவசரத்தில் சரியான சொல்லைவிட, கேட்பவரின் உடம்புக்குத் தெரிந்த சொல்தான் வேலை செய்யும். மூலைவிட்டத்தை நான் கற்றுக்கொடுத்தேன், பீரோவைச் சொல்ல ஸ்டெல்லா அக்கா வேண்டியிருந்தது. உங்கள் பாடத்தை வீட்டில் போய்ச் சொல்லும் பிள்ளை ஒன்றாவது இருக்கும்படி நடத்துங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத எனக்கு இவ்வளவு தயக்கம் இருந்திருக்காது. தடுப்பு இப்போது தெருவின் பெருமை. உத்திரத்துக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்து, நடுவில் ஒரு சிறு சிலுவையும் வரைந்திருக்கிறார்கள்.

திருவிழா முடிந்த திங்கட்கிழமை, வகுப்பு இன்னும் கொண்டாட்டத்தில் இருந்தது. ரேவதி கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஃபயர் சர்வீஸ் வண்டி எவ்ளோ ஒசரம்? மேல ஏணி வெச்சிருப்பாங்கல்ல, அதோட சேர்த்து?"

நான்தான் இப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தேன். தலைமையாசிரியையின் அனுமதியோடு நிலையத்துக்குப் போய், வாசலில் நின்ற வண்டியின் நிழலை அளந்தோம். ரேவதி இரண்டு முறை கணக்குப் போட்டாள். நான் மூன்றாவது முறை போட்டேன். ஏணியோடு அந்த வண்டி எங்கள் உத்திரத்தைவிட உயரம். தண்டு போட்டுச் சுமக்கும் மாதாவை இறக்கிப் பிடிக்கலாம், தீயணைப்பு வண்டிக்கு முட்டி இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர், மாடிக்கு மாடி பிளாஸ்டிக் கூரை. இரண்டு முனையிலும் தடுப்பு.

இதைச் சொன்னால் உத்திரத்தை அறுப்பார்கள், லாரி வரும். சொல்லாவிட்டால் என் மகள் தூங்கும் வீட்டுக்குத் தண்ணீர் வர வழியில்லை. நடுவில் ஒரு யோசனை இருக்கிறது. உத்திரத்தின் ஒரு பக்கம் கீல் வைத்து, கதவுபோல் திறக்கும்படி செய்து பூட்டிவிடலாம். ஆனால் சாவி யார் வீட்டில் இருக்கும்? அவர் ஊருக்குப் போயிருந்தால்? லாரிக்காரர் வந்து அவரிடம் நைச்சியம் பேசினால்?

உங்களில் பலர் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் தெருக்களில் இப்படித் தடுப்பு இருந்தால் அதை எப்படித் திறக்கிறார்கள், யார் திறக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். தெருக்கூட்டம் வருகிறது. நான் பேசினால் வாடகைக்கு வந்தவள் பேசுகிறாள் என்பார்கள். ரேவதி தானே பேசுவதாகச் சொல்கிறாள். "கணக்குப் போட்டது நான்தானே மிஸ்" என்கிறாள். அவளுக்குப் பதினான்கு வயது. அந்தத் தெரு முழுவதும் அவள்மேல் கோபப்படலாம். அவளைப் பேச விடட்டுமா?